பற்றும் பணியும்



ஸ்தாபனத்தின்மீது தொழிலாளி கொள்ளும் பற்றுக்கும் அவர் வேலையின் தரத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். சுந்தரபாண்டியம் என்னும் இந்த நெசவாளர் ஊரில் இதைப் பேசுவது, திருவில்லிபுத்தூர்க்காரருக்குப் பால்கோவா கிண்டக் கற்றுக்கொடுப்பது போன்றதே, ஆயினும் துணிகிறேன்.

1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையத்தில் நிறுவிய நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள், ஓய்வுபெற்றுத் திண்ணையில் சாய்ந்த பின்னும், 'எங்கள் மில்' என்று உரிமையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 'எங்கள்' என்ற சொல்லின் மதிப்பை அறிய வேண்டுமானால், ஏதேனும் ஓர் ஆலையில் இரவு ஷிப்டில் மூன்று மணிக்கு நின்று பார்க்க வேண்டும். இமைகள் கனக்க, மேஸ்திரி எங்கோ அப்பால் நிற்க, நீண்ட வரிசையில் ஒரு கதிரில் நூல் அறுகிறது; அதை அக்கணமே பிணைப்பதா, அடுத்த சுற்று வரும்போது பார்த்துக்கொள்வதா என்பதை அத்தொழிலாளியின் மனச்சாட்சி ஒன்றே தீர்மானிக்கிறது; இடையில் வீணான பஞ்சு எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயருக்கு நேரே ஏறுவதில்லை.

மேயர், ஆலன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், 1991-இல் ஸ்தாபனத்தின் மீதான இப்பற்றை மூவகையாகப் பகுத்தனர்: அபிமானத்தால் தங்குவது, கடமையெனக் கருதித் தங்குவது, விட்டால் வேறு கதியில்லையே என்று தங்குவது. அபிமானம் மிக்கவர் வேலையில் மேம்பட்டிருக்க, கதியின்றித் தங்கியவர் பின்தங்கியதை மேயரும் அவர் கூட்டாளிகளும் அதற்கு முன்பே, 1989-இல், ஓர் உணவுச் சேவை நிறுவனத்தின் மேலாளரிடையே கண்டிருந்தனர். முன்பணக் கடனால் தறியோடு பிணைக்கப்பட்டவரை 'விசுவாசி' என்று மெச்சும் முதலாளிமார் இதைச் சற்றுச் சிந்திப்பார்களாக. ஆனால் பற்றுடையார் யாவரும் வேலையில் சூரர் என்றும் கொள்ளலாகாது. பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியவர்கள் அத்தொடர்பு மெலிதென்றே கண்டனர். நைந்த பாவு நூலைக் கொடுத்துவிட்டு அன்பினால் நல்ல சேலை நெய்யச் சொன்னால் எவரால் ஆகும்?

கருவி மட்டும் நன்றாயிருந்தாலும் போதாது: ஆமதாபாத்துக் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகளை இறக்கியும் எதிர்பார்த்த பலன் கிட்டாதிருக்க, 1953-இல், ரைஸ் என்னும் ஆங்கில அறிஞரின் யோசனைப்படி, ஆளுக்கொரு துண்டு வேலை என்றிருந்த முறையை மாற்றி, தொழிலாளர் தாமே குழுக்களாகக் கூடித் தறிகளுக்குப் பொறுப்பேற்றபோது, உற்பத்தி உயர்ந்தது, பழுதுத் துணி குறைந்தது. தறி என்னவோ அதே தறிதான்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆலை நிர்வாகஸ்தர்களையும் நெசவாளர் சங்கத்துப் பெரியவர்களையும் ஒன்றே கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த பாவு போடுமுன், எந்தக் கரை எடுபடும், எந்தச் சாயம் ஒட்டாது என்று, நெய்கிறவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள்.