அரிக்கமேடும் எரிமலைக் கரையும்

(கூட்டேரிப்பட்டில் நம் சங்கத்தார் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்துப் பிள்ளைகளை இவ்வாண்டு எங்குச் சுற்றுலா அழைத்துச் செல்லலாம் என்ற வினா எழுந்தபொழுது, யாம் அரிக்கமேடு என்றோம். ஆங்குக் காண்டற்கு யாதுளது எனச் சிலர் வினவினர். அதற்கு விடையாகவே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

இவ்வூரினின்று மயிலம் வழியே கிழக்கு நோக்கிப் புதுச்சேரியை அடைந்து, அதன் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குச் சென்றால், தோப்புகளினிடையே அம்மேடு கிடக்கின்றது. ஆங்கு இடிந்து நிற்கும் செங்கற் சுவரைக் கண்டு, இதுவே யவனர் மாளிகை என வியப்போர் பலர். அது 18-ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமார் எழுப்பியது. பழம்பொருளெல்லாம் நம் அடிக்கீழ் மண்ணுள் உறைகின்றன.

1945-இல் மார்ட்டிமர் வீலர் என்பார் அம்மேட்டை அகழ்ந்தார். இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரத்துச் செந்நிறக் கலங்களின் உடைசல்கள், குயவர் முத்திரையோடு கிடைத்தன. அவ்வகைக் கலங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் வழங்கியவை என்பது மேனாட்டார் முன்னரே தெளிந்த செய்தி. ஆதலின், அவை கிடந்த மண்ணடுக்கின் காலமும், உடன்கிடந்த நம் நாட்டுக் கலங்களின் காலமும் ஒருங்கே புலனாயின. உடைந்த தட்டொன்று தென்னாட்டு வரலாற்றிற்கு நாள் குறித்துக் கொடுத்தது! வீலர் அவ்வூரை உரோமர் வாணிக நிலையமாகவே கருதினார். ஆனால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் நிகழ்த்திய ஆராய்ச்சியால், யவனர் வருமுன்னரே அஃது ஊராயிருந்தமை விளங்கிற்று.

கூரிய அடியும் இரு கைப்பிடியும் உடைய மதுச்சாடிகளும் ஆங்குப் பல கிடைத்தன. அவற்றுட் சிலவற்றின் களிமண்ணில் எரிமலைக் கருமணல் விரவியிருத்தலின், அவை நேப்பிள்ஸ் விரிகுடாக் கரையில் வனையப்பட்டவை என அறிஞர் துணிந்தனர். அக்கரையின் இயல்பு வியப்புடையது. கிரேக்கர் பண்டே வந்து குடியேறிய கூமே நகரம் ஆங்குளது. அதனையடுத்த புத்தேயோலி, இந்நாளைய பொட்சுவோலி, உரோமரின் பெருந்துறைமுகம். அந்நிலம் தாழ்ந்தும் உயர்ந்தும் அசைவது. பழைய அங்காடித் தூண்களில், மனிதர் தலைக்கு மேலான உயரத்தில், கடற்சிப்பிகள் துளைத்த வடுக்கள் உள. 1982-இற்கும் 1984-இற்கும் இடையே மட்டும் நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. அந்நிலத்துச் சாம்பலைச் சுண்ணாம்பொடு குழைப்பின் நீருள்ளும் இறுகும். அதுகொண்டே உரோமர் துறைமுகச் சுவர் கட்டினர். கி.பி. 79-இல் வெசூவியசு மலை பொங்கிப் பொம்பேயி நகரைப் புதைத்தது. அச்சாம்பலுள்ளிருந்து 1938-இல் எடுத்த பொருள்களுள் நம் பாரத நாட்டுத் தந்தப் பாவையும் ஒன்று. ஆண்டுச் சாடி ஈண்டும், ஈண்டுப் பாவை ஆண்டும் சென்று கிடந்தமை காண்க.

நம் பகுதியும் இக்கடல் வாணிகத்திற்குப் புறம்பானதன்று. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்தையும் கிடங்கிலையும் குறிக்கின்றது. கிடங்கில் இன்று திண்டிவனத்தின் பகுதி. எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர்.

இனி ஒன்று. நேற்று அன்பர் ஒருவர் எம்மிடம் வந்து, "ஐயா, அங்கே கப்பல் வாணிகம் செய்தவர்கள் நம் குலத்தாரே என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லுங்கள், பத்திரிகையிலும் வந்துவிடும்" என வேண்டினார். அவர்தம் குலப்பற்று பெரிது. ஆயினும் அங்ஙனம் சொல்லேம். அரிக்கமேட்டு ஓடுகளிற் பழந்தமிழ் எழுத்தாற் பொறித்த பெயர்கள் உள; பிராகிருதப் பெயர்களும் உள. அப்பெயர்களைக் கொண்டு இன்றைய குலம் எதுவும் உரிமை பேசல் ஆகாது. நாம் பேசின், அடுத்த சங்கத்தாரும் அவ்வோட்டையே காட்டிப் பேசுவர். அவர்க்கு யாது விடை பகர்வோம்? பள்ளியிற் பிள்ளைகளுக்குச் சான்று கேட்கப் பயிற்றிவிட்டு, மேடையேறிச் சான்றின்றி உரைத்தல் ஆசிரியர்க்குத் தகாது. பிள்ளைகள் வினவின், ஊரவரும் அயலவரும் கலந்து வாணிகம் செய்த துறை எனக் கூறுக, அது மெய்.

சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். மேட்டில் ஓட்டுத்துண்டு கண்ணிற்படின் குனிந்து காணுங்கள். எடுத்து வரல் வேண்டா. அது தொல்பொருள் துறையாரின் காவலில் உள்ள இடம். அன்றியும், கிடந்த அடுக்கினின்று பெயர்த்த ஓடு தன் காலத்தை இழந்துவிடும். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காண்க. பெண்மக்களையும் தவறாது அனுப்புக.