அறநிதியும் ஆலயத் தொண்டும்



சிங்கையில் 1952ஆம் ஆண்டு லீ கொங் சியான் நிறுவிய லீ அறநிறுவனம், இன, சமய வேறுபாடின்றி உதவி வருகிறது. இத்தகைய அமைப்புகளை நாடும் சிறு தொண்டுக் குழுக்கள், 'பிள்ளைகள் ஏழைகள். உதவுங்கள்' என்று உருக்கமாக எழுதினால் போதும் என எண்ணிவிடுகின்றன. நிதி தருவோர் கேட்பது வேறு: பிள்ளைகள் எத்தனை பேர், செலவு எவ்வளவு, நிதி தீர்ந்தபின் வகுப்பு எவ்வாறு தொடரும்?

பதிவு பெற்ற அறநிறுவனங்கள், நிதியாண்டு முடிந்த 6 மாதங்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் அறநிறுவன ஆணையரிடம் அளித்தல் வேண்டும். அதில் தவறினால் விண்ணப்பம் வலுவிழக்கும். இழப்போ செயலவைக்கன்று, பாடம் இழக்கும் பிள்ளைக்கே.

உண்டியலைப் பலர் கூடி எண்ணுவது ஐயத்தாலன்று. அது இறைவன் பணம் என்பதால். அறநிதியும் அத்தகையதே. ரசீதைப் பேணுவதும் திருப்பணியே! அனைவர்க்கும் திருவருள் கிட்டுவதாக.