குடித்தனம் பெயரும்போது



உத்தியோகத்தை முன்னிட்டும் தொழிலை முன்னிட்டும் தமிழ்நாட்டை விட்டு வந்த நம்மவர் பலருக்கு, வந்த ஊரிலேயே வேரூன்றிவிடும் வாய்ப்பு அமைவதில்லை. சென்னையிலிருந்து நாகபுரி, நாகபுரியிலிருந்து கொல்கத்தா, அங்கிருந்து தில்லி என்று மாற்றல் உத்தரவுகள் நம்மை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் மாறினால் ஒரு குடும்பமே மாறுகிறது. அந்த மாற்றத்தைக் குறைந்த நஷ்டத்துடனும் குறைந்த மனக்கலக்கத்துடனும் நடத்திக்கொள்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாற்றல் உத்தரவு கைக்கு வந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது லாரி வாடகையைத்தான். உண்மையில் கடைசியாகக் கவனிக்க வேண்டியது அது. உடைந்த அலமாரிக்குப் பதில் வேறொன்று வாங்கலாம். குழந்தை இழந்த ஒரு பள்ளி ஆண்டை எங்கே வாங்குவது? இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் விட்டுவந்த ஒரு சான்றிதழுக்காக எத்தனை முறை ரயிலேறுவது? ஆகவே முதலில் மனிதர், அடுத்து காகிதம், அதற்கும் பிறகே சாமான். இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம்.

புறப்படும் நாளைத் தீர்மானிப்பது முதல் காரியம். தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் மாதத்தில் ஆண்டைத் தொடங்குகின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தைச் சேர்ந்த பள்ளிகளிலோ ஏப்ரலிலேயே வகுப்புகள் ஆரம்பமாகிவிடுகின்றன. இங்கே தேர்வை முடித்துவிட்டு மே மாதக் கடைசியில் தில்லி போய்ச் சேருகிறவர், அங்கே பாடங்கள் தொடங்கிச் சில வாரங்கள் நடந்து, பள்ளி கோடை விடுமுறைக்கும் மூடப்பட்டிருக்கக் காண்பார். எனவே குழந்தையின் சேர்க்கைக்கு மாத்திரம் முன்கூட்டியே ஒருமுறை போய்வருவது வீண் செலவாகாது.

பருவகாலமும் கவனிக்கத் தக்கது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவதில்லை என்பது நம் வழக்கம். ஆடி என்பது மும்பையில் மழை கொட்டும் காலம். திறந்த லாரியில் வரும் மெத்தையும் புத்தகமும் நனையாமல் தப்புவது அரிது. மார்கழியோ வட இந்தியாவில் மூடுபனிக் காலம். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதப்படும். லாரிகள் ஊர்ந்து செல்லும். சகுனம் பார்ப்பவரும் பாராதவரும் இந்த இரண்டு மாதங்களைத் தவிர்ப்பதில் ஒன்றுபடலாம்.

இனிக் குழந்தைகளின் படிப்பைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதில் நமக்குப் பெரிய துணை. எட்டாம் வகுப்பு முடியும் வரையில், ஒரு குழந்தை வேறு மாநிலத்துக்குப் போவதானாலும், மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே வழங்கவேண்டும். சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்ற காரணத்துக்காகப் புதிய ஊரின் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நிலைமை வேறு. மத்திய வாரியப் பள்ளிகளில் ஒன்பதிலும் பதினொன்றிலும் மாணவர் பெயரைப் பதிவு செய்துவிடுகிறார்கள். பத்திலும் பன்னிரண்டிலும் இடையில் புதிதாகச் சேர்வதற்குப் பெற்றோரின் மாற்றல் போன்ற தகுந்த காரணத்தைக் காட்டி வாரியத்தின் அனுமதி பெறவேண்டும். இந்த வகுப்புகளில் குழந்தை இருந்தால், தாயும் குழந்தையும் சில மாதம் பழைய ஊரிலேயே தங்குவது நல்லதா என்று குடும்பமாக உட்கார்ந்து யோசிக்கவேண்டும். இரண்டு வாடகை கொடுப்பது கஷ்டந்தான். ஆயினும் ஓர் ஆண்டு வீணாவதைவிட அது இலகுவான கஷ்டம்.

மொழியும் ஒரு பிரச்சினையே. இரண்டாம் மொழியாகத் தமிழ் படித்து வந்த சிறுவனுக்குத் திடீரென்று இந்தியோ வங்காளியோ எதிர்ப்படும். மகாராஷ்டிரத்தில் 2020-ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த எழுத்துகளைப் பழக்கத் தொடங்கினால் பிள்ளைக்கு வகுப்பில் தலைகுனிவு நேராது. அதே சமயத்தில் நம் தமிழையும் கைவிடலாகாது. தில்லியில் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. அத்தகைய வசதி இல்லாத ஊர்களில் இருப்போருக்கு, 2001-இல் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் பயன்படும். பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதத் தெரியாத பேரன் நம் வீட்டில் வளரவேண்டாம்.

அடுத்தது முதியோர். புதிய ஊரில் அவர்களுக்கு மொழி தெரியாது, கோயில் தெரியாது, டாக்டரும் தெரியாது. அவர்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களை வணிகப் பெயராக மட்டுமின்றி மருந்தின் மூலப்பெயராகவும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். ஏனெனில் இங்கே கிடைக்கும் வணிகப் பெயர் அங்கே கிடைக்காமற் போகலாம். ஒரு மாதத்துக்கான மருந்து கையிலேயே இருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவராயின் அதைக் குளிர்ச்சி கெடாத பையில் வைத்துக் கையோடு கொண்டுபோகவேண்டும். வெயிலில் நிற்கும் லாரியில் அதற்கு இடமில்லை. புதிய வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மாடிப்படிகளை எண்ணிப் பார்ப்பதும், குளியலறையின் தரை வழுக்குமா என்று பார்ப்பதும் மகனுடைய கடமை.

இப்போது காகிதத்துக்கு வருவோம். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், திருமணப் பதிவு, காப்பீட்டுப் பத்திரம், வீட்டுப் பத்திரம் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டியில் அடுக்கி, அந்தப் பெட்டியைக் குடும்பத் தலைவரோ தலைவியோ தம் கையில் வைத்துக்கொள்ளவேண்டும். பிரதிகளைச் செல்பேசியில் படமெடுத்துச் சேமித்துக்கொள்வதும் நலம். சாதிச் சான்றிதழையும் பிறப்பிடச் சான்றிதழையும் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பூர்வீக மாநிலத்தில் பெற வேண்டியவற்றை அங்கே இருக்கும்போதே வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தமிழ்நாட்டின் பட்டியலில் உள்ள ஒரு சாதி மற்றொரு மாநிலத்தின் பட்டியலிலும் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்த மாநிலத்தின் சலுகைகள் வந்து குடியேறியவருக்குத் தாமாகக் கிடைப்பதுமில்லை. பின்னாளில் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இடம் கேட்கும்போது இந்தச் சான்றிதழ்களின் அருமை தெரியும்.

வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்ற எட்டாம் எண் படிவம் ஒன்றே போதும். இரண்டு ஊரிலும் பெயரை வைத்திருப்பதற்குச் சட்டம் இடந்தராது. ரேஷன் அட்டையைப் பொறுத்தவரையில், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் குடும்பங்கள் அதே அட்டையைக் கொண்டு எந்த மாநிலத்திலும் தானியப் பங்கைப் பெறலாம். இந்த ஏற்பாட்டில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022-இல் அது நாடு முழுவதும் நிறைவுற்றது. ஆயின் நம் மாநில அரசு தன் செலவில் தரும் மற்றப் பொருள்கள் வெளியூரில் கிடையா. சமையல் எரிவாயு இணைப்புக்கு, உருளையையும் ரெகுலேட்டரையும் விநியோகஸ்தரிடம் ஒப்படைத்து, வைப்புத் தொகையையும் மாற்றுச் சீட்டையும் பெற்றுக்கொள்ளவேண்டும். உருளையை லாரியில் ஏற்றுவது ஆபத்து.

வாகனம் உடையவர்கள் ஒன்றை மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். புறப்படுமுன் அதை வாங்காதவர் பிறகு அதற்கென்றே ஒரு பயணம் போக நேரிடலாம். 2021-இல் தொடங்கிய ‘பி.எச்.’ வரிசைப் பதிவெண் பெற்ற வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களும் அதைக் கேட்டுப் பெறலாம். ஓட்டுநர் உரிமம் இந்தியா முழுவதும் செல்லும்.

இனிச் சாமான்கள். முதலில் எதைக் கொண்டுபோவதில்லை என்று தீர்மானிக்கவேண்டும். பழைய மரக்கட்டிலின் விலையையும் அதற்கு ஆகும் வாடகையையும் ஒப்பிட்டால் பல கட்டில்கள் பழைய ஊரிலேயே தங்கிவிடும். ஆனால் நம் சமையலுக்கென்று உள்ள பொருள்களில் அவசரப்படவேண்டாம். மாவரைக்கும் கிரைண்டரும், இட்லிப் பானையும், வெண்கல உருளியும் எல்லா ஊரிலும் நினைத்தவுடன் கிடைப்பவையல்ல. கிரைண்டர் கல்லைத் தனியே கழற்றிக் கோணியில் சுற்றிக் கட்டவேண்டும். ஊறுகாய் ஜாடிகளைப் புறப்படும் வாரத்துக்குள் காலிசெய்துவிடுவது உத்தமம். எண்ணெய் கசிந்தால் பட்டுப்புடவைக்குக் கேடு.

குளிர்பதனப் பெட்டியை முதல் நாளே அணைத்து, பனி உருகியபின் துடைத்து, நிமிர்த்தியே ஏற்றவேண்டும். இறக்கியவுடன் இயக்காமல் சில மணி நேரம் விட்டுவைக்கவேண்டும். முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரமாயின், உள்தொட்டியை அசையாமல் பிடிக்கும் திருகாணிகளை மீண்டும் பொருத்தியபின்தான் ஏற்றலாம். இன்வெர்ட்டர் மின்கலத்தில் அமிலம் இருப்பதால் அது ஒருபோதும் சாயக்கூடாது. புத்தகங்களைச் சிறு பெட்டிகளிலும் தலையணைகளைப் பெரிய பெட்டிகளிலும் அடைக்கவேண்டும். தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்தால் உடைவது குறையும். பெட்டியின் மேல் பொருளின் பெயரைத் தமிழில் எழுதினால் இறக்கும் கூலியாளுக்கு விளங்காது. பெரிய எண் போடுங்கள். எந்த எண்ணில் என்ன இருக்கிறதென்பதை நோட்டுப் புத்தகத்தில் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள். திருடனுக்கும் அது விளங்காது என்பது உபரி லாபம்.

சாமான் கட்டி ஏற்றிச் செல்லும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். புகழ்பெற்ற பெயரைப் போன்ற பெயரை வைத்துக்கொண்டு, குறைந்த தொகை பேசி, சாமானை ஏற்றியபின் நடுவழியில் நிறுத்தி அதிகப் பணம் கேட்போர் உண்டு. தொலைபேசியில் மட்டும் பேசி முடிக்காமல், வீட்டுக்கு வந்து சாமானைப் பார்த்து எழுத்தில் தொகை சொல்வோரையே ஏற்கவேண்டும். சுங்கம், மாடிக் கூலி, வரி எல்லாம் அதில் அடங்குமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். முழுத்தொகையையும் முன்னதாகக் கொடுத்துவிடலாகாது. லாரியின் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் சொல்வதையும் அறிந்திருப்போம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அதன்படி, பொருளின் மதிப்பை உயர்த்திக் காட்டி அதற்குரிய கூடுதல் கட்டணம் செலுத்தாவிடில், சேதத்துக்கு நிறுவனம் கொடுக்கவேண்டிய ஈடு வாடகையின் பத்து மடங்குக்கு மேற்படாது. ஆகவே விலையுயர்ந்த சாமான் உள்ளவர்கள் மதிப்பை எழுதிக் கொடுப்பதுடன், காப்பீட்டு நிறுவனத்தின் பத்திரத்தையும் கேட்டு வாங்கவேண்டும்; ‘காப்பீடு உண்டு’ என்ற வாய்ச்சொல் போதாது. வழக்குத் தொடர வேண்டிவந்தால், சாமானைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்கவேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் தொடுக்கலாம். பழைய ஊருக்குத் திரும்பிப் போகவேண்டியதில்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். சாமான் இறங்கும்போது எண்களைச் சரிபார்த்து, உடைந்ததையும் குறைந்ததையும் ரசீதிலேயே எழுதியபின் கையொப்பம் இடுவது இவை எல்லாவற்றிலும் முக்கியம்.

நம் பயணத்துக்கு ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்குகிறது. மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் தூங்கும் வசதிப் பெட்டியிலும் ஒருவர் இலவசமாகக் கொண்டுபோகும் சாமானின் அளவு 40 கிலோ. ஸ்கூட்டரை ரயிலில் அனுப்புவோர் பெட்ரோல் தொட்டியை முற்றிலும் காலிசெய்து, பதிவுச் சான்றின் பிரதியுடன் பார்சல் அலுவலகத்துக்குப் போகவேண்டும். நகையும் காகிதப் பெட்டியும் மருந்தும் நம்மோடு வரவேண்டும். அத்துடன் ஒரு ‘முதல் நாள் பெட்டி’ இருக்கட்டும். ஒரு குக்கர், இரண்டு பாத்திரம், அரிசி, பருப்பு, காப்பிப் பொடி, வடிகட்டி, இரண்டு போர்வை, ஒரு விளக்கு, பூட்டு, திருப்புளி ஆகியவை அதில் அடங்கும். லாரி இரண்டு நாள் தாமதமானாலும் குடும்பம் பட்டினி கிடவாது.

புதிய வீட்டில் பால் காய்ச்சி, உப்பும் மஞ்சளும் வைத்து விளக்கேற்றியபின், முதல் வாரத்திலேயே அண்டை வீட்டாரிடம் அவர்கள் மொழியில் நான்கு வார்த்தை பேசிப் பழகுவோம். அவசரத்தில் கதவைத் தட்ட அவர்களே முதலில் வருவார்கள். தில்லியில் 1946 முதலும் பெங்களூரில் 1950 முதலும் தமிழ்ச் சங்கங்கள் இயங்கி வருகின்றன. மற்றப் பல நகரங்களிலும் உண்டு. நல்ல டாக்டர் யார், நம்பிக்கையான பள்ளி எது, நம்மூர் அரிசி எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் அங்கே ஒரு மாலையில் தெரிந்துகொள்ளலாம்.

ஆக, உத்தரவு வந்ததும் குழந்தையின் பள்ளியை விசாரிப்போம், பெரியோரின் மருந்தைக் கவனிப்போம், காகிதங்களைத் திரட்டுவோம், அதன்பின் லாரியை அழைப்போம். சாமான் எல்லாம் வந்து சேர்ந்தும் மனிதர் நிம்மதியாக இல்லையெனில் அது குடித்தனமாகாது. மனிதர் நிம்மதியாக வந்து சேர்ந்துவிட்டால், இரண்டு பாத்திரத்தோடும் ஒரு விளக்கோடும் குடித்தனம் தொடங்கிவிடும்.