அடக்கமும் சம்மதமும்
(டி. கல்லுப்பட்டியில் பேசியதன் சாரம்)



அடக்கம் பெண்ணுக்குப் பிறவிக் குணமென்று சொல்லி வருகிறோம். ஆனால் 1870ல் ஆஸ்திரியாவின் மாசோக் எழுதிய கதையில், ஒரு ஸ்திரீக்கு அடிமையாயிருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவன் ஆண்பிள்ளை! அந்த ஆசைக்கு வைத்தியர்கள் ஆசிரியரின் பெயரையே சூட்டிவிட்டார்கள், பாவம்.

வயது வந்த இருவர் தாங்களாக ஒப்பி இப்படி நடந்துகொள்ளும்போது, அடங்குகிறவர்களெல்லாம் ஒரே ரகமல்ல. ஒருவருக்கு ஏவல் செய்வதிலே திருப்தி, அடிபடச் சம்மதிக்கமாட்டார். இன்னொருவருக்கு வலி பிடிக்கும், உத்திரவுக்குத் தலைவணங்கமாட்டார். வேறொருவருக்கு முரண்டுபிடித்துத் தோற்பதிலே பிரியம். சிலருக்கு ஒரு மணி நேரம் போதும். சிலர் வீட்டு நடவடிக்கை முழுவதிலும் அப்படியே இருக்கிறார்கள். ஆகையால் "நீ அடங்குகிறவன்தானே" என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள எதிராளிக்குப் பாத்தியமில்லை. எது ஆகும், எது ஆகாது என்று முன்னதாகவே பேசிக்கொள்ள வேண்டும். நிறுத்துவதற்கென்று ஒரு வார்த்தையும் வைத்துக்கொள்ளுகிறார்கள். அது வாயில் வந்தவுடன் ஓங்கிய கை இறங்கிவிட வேண்டும்.

நம் வீட்டுப் பெண்களிடம் அந்த வார்த்தை உண்டா? இருவர் சம்மதமே கலியாணமென்று, இங்கிருந்து அதிகத் தூரமில்லாத சுக்கிலநத்தத்தில் 1928ல் நடத்திக் காட்டினோம். 1967ம் வருஷத்துச் சட்டமும் அதை ஒப்புக்கொண்டது. கலியாணத்துக்குப் பிறகு சம்மதத்தை யார் கேட்கிறார்கள்? 2024ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 25வது பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டவர் சம்மதித்தால்தான், அதுவும் கொடுங்காயம் நேராத அளவுக்குத்தான், வலியை அனுமதிக்கிறது. 63வது பிரிவோ, 18 வயது நிரம்பிய மனைவியைப் புருஷன் இஷ்டவிரோதமாய்ச் சேர்ந்தாலும் அது பலாத்காரமல்ல என்கிறது!

சந்தேகமுள்ளவர்கள் எழுந்து கேட்கலாம். தாய்மார்கள் சீட்டு எழுதியும் அனுப்பலாம்.