சத்தம் எங்கே தொலைந்தது?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம் பேசுங்க சார், பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்றார் செயலாளர். என் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழைய கதை ஒன்றே ஒன்றுதான். 1978 ஹாஸ்டல் டே. அன்றைக்கு ஸ்பீக்கரை எரித்தவன் நான்தான். "கரண்ட் ஏறிப் போச்சு" என்று வார்டனிடம் சொன்னது பொய். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இயற்பியல் பேராசிரியர் இங்கிலாந்திலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயர் கொண்டு வந்திருந்தார். அதை இரவல் கொடுத்தபோது, "ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துக்கிட்டுப் போப்பா" என்றார். பார்த்தேன், சின்னதாக இருந்தது. சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாடகைக்கு வந்திருக்கிறதே, இது எதற்கு என்று விட்டுவிட்டு வந்தேன். பெரிசா இருந்தால் சத்தமும் பெரிசா வரும் என்பது என் சித்தாந்தம்.

ஆக்ஸ் சாக்கெட்டில் பிளேயரைச் செருகி ரெக்கார்டைப் போட்டால், கொசு ரீங்காரம் மாதிரி வருகிறது. வால்யூமைத் திருகினேன், இன்னும் திருகினேன், கடைசி வரைக்கும் திருகினேன். முன் வரிசைக்கு மட்டும் ஏதோ கேட்டது. பொறுமை போன நண்பன் ஒருவன், "இது வேலைக்கு ஆகாதுடா" என்று பிளேயரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதே சாக்கெட்டில் கேசட் பிளேயரைச் செருகினான். வால்யூம் முழுசாக இருந்ததை நானும் மறந்தேன், அவனும் பார்க்கவில்லை. 'டமால்' என்று ஒரு சத்தம்; பிறகு புகை; பிறகு நிசப்தம். (சிரிப்பு)

சவுண்ட் சர்வீஸ்காரர் 200 ரூபாய் கேட்டார். அன்றைக்கு அது என் பல மாத மெஸ் பில். திருச்சியில் வேலை பார்த்த என் அண்ணனுக்குக் கார்டு எழுதினேன். மணியார்டர் வந்தது. கூப்பனில் ஒரே வரி: "அடுத்த தடவை பார்த்துச் செருகு."

திங்கட்கிழமை பேராசிரியர் என்னை லேபுக்கு அழைத்தார். திட்டவில்லை. பிளேயரின் ஒயரை ஆசிலோஸ்கோப்பில் மாட்டி, "எவ்வளவு வருதுன்னு முதல்ல பாரு. அப்புறம் எவ்வளவு வேணும்னு கேளு" என்றார். பார்த்தேன். வந்தது வெறும் சில மில்லிவோல்ட்.

மாணவர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி ஆடும்போது, கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு குட்டிக் காந்தம் கம்பிச் சுருள்களுக்கு இடையே ஆடுகிறது. அதில் பிறக்கும் மின்சாரம் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். ஒரு டார்ச் செல் ஒன்றரை வோல்ட் என்றால், இது அதில் முந்நூறில் ஒரு பங்கு. ஆக்ஸ் சாக்கெட்டோ சில நூறு மில்லிவோல்ட்டை எதிர்பார்க்கிறது. சிடி பிளேயர் 2 வோல்ட் வரை கொடுக்கிறது. ஆகவே ரெக்கார்டு பிளேயரிலிருந்து வருவதை முதலில் சுமார் நூறு மடங்கு, அதாவது 40 டெசிபெல், உயர்த்தியாக வேண்டும்.

உயர்த்தினால் மட்டும் போதாது. ரெக்கார்டு வெட்டும்போது கனத்த ஒலிகளைக் குறைத்தும், கூர்மையான ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். கனத்த ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடிப் பக்கத்துப் பள்ளத்தில் இடிக்கும். கூர்மையான ஒலியைக் கூட்டி வைத்தால், கேட்கும்போது அதைக் குறைக்கையில் ஊசி உரசும் இரைச்சலும் சேர்ந்து குறையும். 1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் அளவுமுறை இது. கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். 20 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபெல் கூட்டல், 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 20 டெசிபெல் கழித்தல். பேஸ் குமிழைத் திருகி இதைச் சரிக்கட்ட முடியாது. நூறு மடங்கு உயர்த்துவது, தலைகீழாகத் திருப்புவது ஆகிய இரண்டையும் செய்யும் பகுதிக்குத்தான் போனோ ஸ்டேஜ் என்று பெயர். பேராசிரியரின் சின்ன ஆம்ப்ளிஃபயருக்குள் அது இருந்தது. நான் தூக்கி வந்த பெரிய பெட்டியில் இல்லை.

இந்தப் பழைய கதைக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்பீர்கள். அண்ணன் இரண்டு வருஷத்துக்கு முன் காலமானார். அவர் சேர்த்து வைத்த எல்.பி. ரெக்கார்டுகளும் டர்ன்டேபிளும் கோவையில் அவர் மகனிடம் இருக்கின்றன. பழைய ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் ஆனதும் எடைக்குப் போட்டுவிட்டார்கள். மகன் தன் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்: "சித்தப்பா, சத்தமே வரல. ஐம்பது வாட்ஸ் பத்தாது, நூறு வாட்ஸ் வாங்குங்கன்னு கடையில சொல்றாங்க." பின்னாலிருந்து அண்ணியின் குரல். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "அவர் போட்டா அடுப்படி வரைக்கும் கேட்கும். இவன் போட்டா எனக்கு ஒண்ணுமே கேட்கலையே!"

என் 1978 சித்தாந்தம் இன்னும் கடைகளில் உயிரோடு இருக்கிறது! ஐம்பது வாட்ஸ் நூறானால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். "எதுவும் வாங்காதே, நான் வர்றேன்" என்று கிளம்பினேன்.

நீங்களும் வீட்டில் செய்து பார்க்க, நான் பார்த்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம். போனோ என்று எழுதிய சாக்கெட் இருக்கிறதா? இருந்தால் டர்ன்டேபிள் அதில்தான் போக வேண்டும். 1982-ல் சிடி வந்த பிறகு, பல மாடல்களில் இந்தச் சாக்கெட்டை எடுத்துவிட்டார்கள். பையன் வீட்டில் இருந்ததும் அப்படித்தான். இரண்டாவது, டர்ன்டேபிளின் பின்பக்கம். இப்போது வரும் பல மாடல்களில் போனோ, லைன் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். லைனில் வைத்தால் ஆக்ஸில் செருகலாம். லைனில் வைத்து போனோ சாக்கெட்டில் செருகினால் இரண்டு முறை உயர்த்தப்பட்டுக் கரகரவென்று கிழியும். அண்ணனின் டர்ன்டேபிளில் ஸ்விட்ச் இல்லை. இரண்டும் இல்லாவிட்டால், போனோ ப்ரீஆம்ப் என்ற சோப்பு டப்பா அளவுப் பெட்டியை நடுவில் போட வேண்டும். புது ஆம்ப்ளிஃபயர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

வாங்கும் முன் கார்ட்ரிட்ஜ் எந்த வகை என்று பாருங்கள். காந்தம் ஆடுவதற்குப் பதில் சுருளே ஆடும் மூவிங் காயில் வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கொடுக்கும்; அதற்கு 60 டெசிபெல் உயர்த்தும் பெட்டி வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து தனியாக வரும் மெல்லிய எர்த் ஒயரை ப்ரீஆம்ப்பின் திருகில் மாட்டுங்கள். இல்லையென்றால் 'ம்ம்ம்' என்று இரையும். சத்தம் கூடும் என்று நினைத்து ஊசியின் எடையை மட்டும் கூட்டாதீர்கள். சத்தம் கூடாது, ரெக்கார்டுதான் தேயும். எல்லாம் சரியாக இருந்தாலும் சிடியைவிட ரெக்கார்டு கொஞ்சம் மெதுவாகக் கேட்கலாம். அது கோளாறு அல்ல. ஆனால் ரெக்கார்டுக்காக வால்யூமை ஏற்றினால், வேறொன்றுக்கு மாற்றுமுன் இறக்கிவிடுங்கள். இது 200 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடம்.

பெட்டியை மாட்டி, அண்ணனுக்குப் பிடித்த கச்சேரி ரெக்கார்டைப் போட்டேன். அதுவரை மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது தொப்பியின் கும்காரம் எழுந்து வந்தது. வால்யூம் குமிழ் பாதியைத் தாண்டவில்லை. அடுப்படியிலிருந்து அண்ணி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார். "இப்பக் கேட்குது" என்றார். அந்தப் பக்கம் முடிந்து ஊசி தூக்கும் வரை அங்கேயே நின்றார்.

மாணவச் செல்வங்களே, எங்கேயாவது சத்தம் போதவில்லை என்றால், கடைசிக் குமிழைத் திருகுவதற்கு முன் முதல் படியில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். என் பேராசிரியர் சொன்னதைத்தான் சொல்கிறேன். சொந்தச் சரக்கு இல்லை.

அந்த 200 ரூபாயை நான் அண்ணனுக்குத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அன்று மாலை அதில் கொஞ்சமாவது கழிந்த மாதிரி இருந்தது. இந்தத் தடவை பார்த்துத்தான் செருகினேன்.