செவிலியர் கல்வி: பதிவேட்டில் பெயர் ஏறுமா?
(ஜமாஅத் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

நம் மஹல்லாவின் சகோதரி ஒருவரைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறோம். தாயார் நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்த, அவர் ஓராண்டு நர்சிங் சான்றிதழ்ப் படிப்பொன்றில் சேர்ந்தார். பின்னர் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்தாண்டுகள் இரவு பகலாக உழைத்தார். வேலையில் குறை சொல்ல எவருமில்லை. ஆயினும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கச் சென்றபோது, “கவுன்சில் பதிவு எண் என்ன?” என்ற ஒரே கேள்வி அவரை நிறுத்திவிட்டது. அவர் படித்த படிப்புக்கு அந்த எண் கிடையாது. வளைகுடா வேலைக்கான வாயிலும் அதே கேள்வியில் அடைபட்டது. உழைப்பு வீணாகவில்லை; உயர்வுதான் கிட்டவில்லை. இந்நிலை இன்னொரு பிள்ளைக்கு நேரக்கூடாது என்பதே இவ்வுரையின் நோக்கம்.

நம் மாநிலத்தில் செவிலியர் பதிவுக்கென 1926ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி சென்னையில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏறியவரே முறையான செவிலியர். அகில இந்திய அளவில் பாடத்திட்டத்தை வகுக்க 1947ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய நர்சிங் கவுன்சிலை உருவாக்கியது. அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023இல் நாடாளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியுள்ளது.

பதிவுக்குரிய படிப்புகள் மூன்று. முதலாவது, 2 ஆண்டு ஏ.என்.எம். பெண்களுக்கு மட்டுமே உரியது. கிராமச் சுகாதாரச் செவிலியர் பணிக்கு வழி இதுவே. இரண்டாவது, 3 ஆண்டு ஜி.என்.எம். இது ஆண்களுக்கும் உண்டு. அறிவியல் பாடம் படித்தவர்க்கு முன்னுரிமை. மூன்றாவது, 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங். இதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்கள் வேண்டும்.

ஏ.என்.எம். முடித்துப் பதிவு பெற்றவர் ஜி.என்.எம். சேரலாம். அதன்பின் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியாகலாம். மேலும் 2 ஆண்டு எம்.எஸ்சி. படித்தால் நர்சிங் கல்லூரி ஆசிரியராகவும் ஆகலாம். ஏணி இருக்கிறது. ஆனால் கணக்கையும் பாருங்கள்: கீழ்ப்படியில் தொடங்குபவர் பட்டம் பெற 2, 3, 2 என 7 ஆண்டுகள் ஆகும், நேரே சேர்பவருக்கு 4 ஆண்டுகளே. ஆகவே மதிப்பெண்ணும் பாடமும் இடந்தருமாயின் மேற்படியிலேயே சேருங்கள். இடந்தராவிடில் கீழ்ப்படியைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பதிவில்லாத படிப்பு மட்டும் வேண்டாம். அது ஏணியில் சேர்ந்த படியே அன்று.

நம் குடும்பங்கள் பல சென்று வாழும் சிங்கப்பூரிலும் பதிவு பெற்ற செவிலியர், அவருக்கு அடுத்த நிலைச் செவிலியர் என இரு நிலைகள் உண்டு. கீழ்நிலையினரும் டிப்ளமோ படித்து மேல்நிலைக்கு வரலாம். அமெரிக்காவில் ஓராண்டளவு பயின்ற செவிலியரும் உரிமத் தேர்வு எழுதியே பணியேற்க வேண்டும். எந்த நாடாயினும் பதிவுதான் முதற்படி. வளைகுடா நாடுகளோ சான்றிதழைப் படித்த இடத்திலேயே சரிபார்த்து, தேர்வும் வைக்கின்றன.

“பெண்பிள்ளைக்கு இந்தப் பணி ஏற்றதா?” என்று பெரியவர்கள் சிலர் கேட்கின்றனர். கி.பி. 627இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியில் ருஃபைதா (ரலி) அம்மையார் அமைத்திருந்த கூடாரத்திலேயே வைத்துச் சிகிச்சை அளிக்கப்பட்டார்கள். பள்ளிவாசல் வளாகத்திலேயே இடம்பெற்ற பணி இது. நம் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குச் செல்லும்போது பெண் செவிலியரைத்தான் தேடுகிறோம். பிறர் வீட்டு மகள் அப்பணி செய்யலாம், நம் மகள் செய்யலாகாது என்பது நியாயமா?

தொலைவும் தடையன்று. நகரின் நடுவே மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையும், அதனுடன் இணைந்து 1997இல் தொடங்கப்பெற்ற கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை. செவிலியர் பணி எத்தகையது என்பதை, சேருமுன் அங்குப் பணியாற்றுவோரிடமே பிள்ளைகள் கேட்டறியலாம்.

கட்டணம் செலுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இப்படிப்பு முடிந்தால் கவுன்சிலில் பெயர் பதிவாகுமா? இந்த நிறுவனத்திற்கு இவ்வாண்டு அங்கீகாரம் உள்ளதா? நேரடிப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை படுக்கைகளுடன்? பதிலை வாய்மொழியாக ஏற்காமல் எழுத்தில் பெறுங்கள், கவுன்சிலிலும் சரிபாருங்கள்.

ஜமாஅத்துக்கும் கடமையுண்டு. விண்ணப்பக் காலத்தில் படிவம் நிரப்ப உதவுவோம். ஏற்கெனவே ஏ.என்.எம்., ஜி.என்.எம். முடித்துப் பணியாற்றும் சகோதரிகள் மேற்படிப்புக்குச் செல்ல, பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் வழங்க நிர்வாகம் முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். சம்பந்தம் பேச வருவோர், பிள்ளை படிப்பை முடிக்கும்வரை பொறுத்திருக்கட்டும்.

அந்தச் சகோதரி இன்று தம் தங்கையை ஜி.என்.எம். படிப்பில் சேர்த்திருக்கிறார். சேர்க்குமுன் முதற்கேள்வியைக் கேட்டவரும் அவரே. நாமும் கேட்போமாக. வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.