எந்தக் கொசு?
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் கொசுவைப் பற்றியா பேச்சு என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. அழையாமலே இப்பந்தலுக்கு வந்து நம் கணுக்காலை விட்டகலாத விருந்தாளி அதுவன்றோ!

சென்ற மழைக்காலத்தில் நம் குடியிருப்பின் சாக்கடைதோறும் புகையடித்தோம். காய்ச்சல் நின்றபாடில்லை. சாக்கடையில் பிறப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ். டெங்குவைப் பரப்பும் ஏடிஸோ கூலரிலும் பூந்தொட்டித் தட்டிலும் நாமே தேக்கிவைத்த தெளிநீரில் வளர்வது. நகரத்து மலேரியாவைச் சுமக்கும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, மூடாத மேல்தொட்டியைத் தேடி வருவது. பகை மாடியில் இருக்க, நாம் தெருவில் வாள் வீசினோம். எந்தக் கொசு என்று கேட்க மறந்தோம்.

1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ் என்பாரும் அதன் இனப்பெயர் அறிந்தாரில்லை. புள்ளிச் சிறகுக் கொசு என்றே குறித்தார்.

பெயரறிதல் இன்றும் எளிதன்று. சிறகின் செதிலையும் காலின் வளையத்தையும் உருப்பெருக்கியில் நோக்கி வல்லுநர் இனம் தேர்வர். பொறியில் சிக்கிய கொசுவுக்கோ செதில் உதிர்ந்திருக்கும், கால் ஒடிந்திருக்கும். அந்த ஒடிந்த கால் ஒன்றே டி.என்.ஏ. ஆய்வுக்குப் போதும்! மைட்டோகாண்டிரியாவில் உள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துக்களைப் படித்து, முன்னரே பெயர் உறுதிசெய்த கொசுக்களின் எழுத்துக்களோடு ஒப்பிடுகின்றனர். கடைக்காரர் பொருளின் மேலுள்ள பட்டைக் கோடுகளைக் கருவியால் படிப்பது போன்றதாகலின் இதற்கு டி.என்.ஏ. பார்கோடு என்று பெயர். இம்முறையை 2003-இல் முன்வைத்தவர் கனடா நாட்டுப் பால் எபர்ட்.

நம் புதுச்சேரி ஆய்வாளர்கள் 63 இந்தியக் கொசு இனங்களை இவ்வாறு ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். ஓர் இணை மட்டுமே பிரிபடாமல் நின்றது. அவ்விரண்டில் ஒன்றின் பெயர் போர்ட்டோநோவோயென்சிஸ். நம் பரங்கிப்பேட்டையின் பழம்பெயர் அதனுள் இருக்கிறது!

இம்முறைக்கும் எல்லை உண்டு. நாட்டுப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் குலிசிபேசிஸ் என்பது ஒன்றல்ல. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் ஐந்து உடன்பிறப்புகள். அவற்றுள் 'பி' பெரும்பாலும் நோய் சுமப்பதில் வலுவற்றது. இராமேசுவரத்துக் கொசுக்களில் கண்டறியப்பட்ட 'இ'யோ நோய் சுமப்பது. இவற்றைப் பிரிக்க வேறு மரபணுப் பகுதிகளையும் பார்த்தாக வேண்டும்.

இன்னொரு செய்தி. நம் மேல்தொட்டிக் கொசுவாகிய ஸ்டீபன்சி கடல் கடந்துவிட்டது. எத்தியோப்பியாவில் 2016-இல் பிடிபட்ட கொசுக்கள் அவ்வினமே என உறுதிசெய்யவும் இம்மரபெழுத்தே துணைநின்றது.

வரும் ஞாயிறு காலை ஏணியும் விளக்கும் கொண்டு ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்கள் வருகிறோம். மாடிக் கதவின் சாவியை மட்டும் எடுத்து வையுங்கள்.